மூடிய கூண்டில் மூன்று கோடு

தூசியை உற்றுப் பார்க்க ஒரு துரைக்குக் கவர்மெந்து வருஷம் முழுக்கப் படியளந்தால் தெல்தோட்டைக் கோப்பித் தோட்டம் சும்மா இருக்குமா? கோப்பி இலையில் படியும் செம்மஞ்சள் தூள்தான் நோயின் விதை என்றார் துரை. அதை நிரூபிக்க, தூளே படாமல் ஒரு கன்றைக் கண்ணாடிக் கூண்டில் பூட்டி வளர்த்தார். பேயை அடைத்திருப்பதாகக் கூலிகள் குடியிருந்த லயமெல்லாம் பேச்சு.

சாவி கிளாக்கர் செல்லப்பாவின் இடுப்பில். அன்று இலையைத் திருப்பியவர் துரையைக் கூவி அழைத்தார். இலைக்கு இலை, அடிப்பக்கத்தில் செம்மஞ்சளாக மூன்று கோடு!

துரை கதிரையில் சரிந்தார். "தூள் படாமலே நோய் வந்துவிட்டது. நான் சொன்னது தப்பு. கவர்மெந்து உதவியை நிறுத்தச் சொல்லிக் கொழும்புக்கு எழுது."

சோறு கொண்டுவந்த செல்லப்பாவின் மனைவி வடிவம்மா எட்டிப் பார்த்தாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லங்க. போன மாசம் நீங்க அசந்து தூங்குனப்ப நான்தான் சாவிய எடுத்தேன். தோட்டம் பூரா மாரியாத்தா மஞ்சள் கொட்டியிருக்கா, இந்தப் புள்ளைக்கு மட்டும் இல்லையேன்னு வெளிச்செடித் தூள்ல ஒரு சிட்டிகை எடுத்துப் பூசினேன். துரை பாக்காம இருக்கத்தான் அடியில."

வேலை போச்சு என்று நினைத்தபடியே செல்லப்பா அதைத் துரைக்கு மொழிபெயர்த்தார். துரையோ துள்ளி எழுந்தார். வடிவம்மாவின் மூன்று விரலைக் கோடுகளின்மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"தூள் பட்ட இடத்தில் மட்டும் நோய்! அந்தக் கடிதத்தைக் கிழி!"

அந்தத் தூள்தான் நோயைப் பரப்புகிறது என்று கணவர் விளக்கியதும் வடிவம்மா தன் விரல்களையே பார்த்தாள்.

"அப்ப... புசல்லாவையில எங்கண்ணன் தோட்டத்துக்கும் இந்தத் தூள ஒரு முடிச்சு கட்டிக் குடுத்தனுப்பினேனே?"