மெனுவில் விட்டுப்போன வரி

இணையதளம் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு பிழையைப் பிடித்துவிட்ட பூரிப்பு அவளுக்கு.

“சார், அந்தத் தையல் கடை வெப்சைட்ல எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மெனுல அதோட பேர் நிறம் மாறல. நிறத்த மாத்துற ‘ஆக்டிவ்’ கிளாஸ்னு ஒரு வரி கோடுல விட்டுப்போயிருந்துச்சு. சேர்த்துட்டேன். முதல்ல வர்றது திரைச்சீலைப் பக்கம்தானே, இப்ப சைட்டைத் திறந்ததுமே மெனுல ‘திரைச்சீலை’ பளிச்சுனு தெரியுது!”

முதலாளியின் முகம் வெளிறியது. “ஐயோ, உடனே எடும்மா!”

அதற்குள் போன் அலறியது. எதிர்முனைக் குரல் அவள் காதுவரை கேட்டது.

“ஏண்டா, திரைச்சீலைய மட்டும் தூக்கிக் காட்டுற? பெத்தவ தைக்கிற தலையணை உறை உனக்கு இளக்காரமாப் போச்சா?”

ஒருவழியாகச் சமாதானம் சொல்லி போனை வைத்தவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அது எங்க வீட்டுக் கடை. திரைச்சீலை தைக்கிறது என் சம்சாரம். நான் எந்தப் பக்கமும் இல்லன்னு காட்டத்தான் அந்த வரிய நானே தூக்கினேன்!”