கெட்டில் வழக்கு

ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போன மாத்திரை இருபது நிமிடமாகியும் திரும்பவில்லை.

மாத்திரை என்பது அவள் பெயர் இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஹாஸ்டலில் நாங்கள் வைத்தது, முப்பத்தொரு வருடமாக ஒட்டிக்கொண்டது. எங்கள் மூவரில் ரிப்போர்ட்டைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளை அனுப்பினோம்.

ஆறு முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. என் கழுத்திலும் நெஞ்சுக்குள்ளும் இருந்த புற்றுக்கட்டிகள் கரைந்தனவா இல்லையா என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் எங்கள் மூன்றாமவள் டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரே பேப்பரை மூன்றாவது தடவையாக.

"பயமா இருக்காடி?"

"எனக்கென்ன பயம்? அந்தப் புள்ளைக்குத்தான் பயமா இருக்கணும். நீ பாக்கப் பாக்க மார்க் குறைஞ்சுகிட்டே போகுது."

வாய்தான் பேசியது. கண் வராந்தாக் கோடியில் இருந்த கதவிலேயே இருந்தது.

இந்த ஐந்து மாதத்தில் இருவரும் என்னை ஒரு நாளும் தனியாக விடவில்லை. மருந்து ஏறும்போது டீச்சர் பேப்பர் கட்டோடு வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் எழுதிய அபத்தங்களை வாசித்துக் காட்டுவாள். கையில் ஊசி இருப்பதை மறந்து சிரிப்பேன். முடி கொட்டியபோது மாத்திரை, "தலை சீவுற நேரம் மிச்சம், இனிமேலாவது நேரத்துக்குக் கிளம்பு" என்றாள். அழ இருந்தவள் சிரித்துத் தொலைத்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. மாத்திரை என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் சண்டைக்கு வயது முப்பத்தொன்று.

ஹாஸ்டலில் கெட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் டீச்சரின் கட்டிலுக்கு அடியில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தோம். ஒரு நாள் காலை எங்களில் யாரோ ஒருத்தி அதை அணைக்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். தண்ணீர் வற்றி, கெட்டில் கருகி, அறையெல்லாம் புகை. சாயங்காலம் திரும்பி வந்தால் மூன்று பேர் பெட்டியும் வாசலில் இருந்தது. வார்டன் அம்மா முகத்தைக்கூடக் காட்டவில்லை.

அலைந்து திரிந்து சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தோம். மூன்று பேருக்கு இரண்டு தலையணை, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலோரம் யார் படுப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்குக் குளித்துவிட்டு மூவரும் அங்கேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்து முடி உலர்த்துவோம். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் சிரிப்போம். அந்த அறை மட்டும் இப்போது இருந்தால், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று படியேறிப் போய் ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அங்கே ஆரம்பித்ததுதான் வழக்கு. கெட்டிலைப் போட்டுவிட்டுப் போனது யார்? மாத்திரை என்னைச் சொன்னாள், நான் அவளைச் சொன்னேன். அவள் கல்யாணத்தன்று அதற்காகச் சண்டை. எனக்குப் பிரசவமாகி மறுநாள், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை. டீச்சர் இரண்டு பக்கமும் சேராமல் தப்பித்து வந்தாள். மாத்திரையோ செத்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

முதல் தடவை மருந்து ஏற்றிய அன்று, அவளைச் சீண்டிப் பார்க்கலாம் என்று நர்ஸிடம் கதையை எடுத்துவிட்டேன். "இவதாங்க கெட்டிலைப் போட்டுட்டுப் போய் எங்களைத் தெருவுல நிறுத்தினா." சொல்லிவிட்டு அவள் பாய்வதற்காகக் காத்திருந்தேன்.

மாத்திரை என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஆமாண்டி, நான்தான்."

எனக்குக் குலை நடுங்கிவிட்டது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோதுகூட அப்படி நடுங்கவில்லை. இனிப் பிழைக்க மாட்டாள் என்று நினைக்கிறவளிடம்தானே இப்படி விட்டுக்கொடுப்பார்கள்? அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து சரிடி, சரிடிதான். அந்தச் சரிடியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்து வந்தன.

கதவு திறந்தது. மாத்திரை கவரோடு வந்துகொண்டிருந்தாள்.

டீச்சர் பேனாவை மூடினாள்.

மாத்திரையின் மூக்கு சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள். எதற்கு அழுதாள் என்று பிடிபடவில்லை. எதிரில் வந்து நின்றவள் வாயைத் திறந்தாள், மூடினாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"என்னடி முழிக்கிற, கெட்டிலைப் போட்டுட்டு வந்தவ மாதிரி?"

மாத்திரை கவரைத் தூக்கி என் மடியில் போட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வாயை மூடுடி! போட்டது நீ. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன், நீதான் போட்ட. சரி போகட்டும்னு அஞ்சு மாசம் விட்டா ரொம்பத்தான் பேசற. இனிமே ஒரு வார்த்தை விட மாட்டேன், பாத்துக்க!"

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் பேப்பர் கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நான் கவரைப் பிரிக்கவே இல்லை.

"நான் இல்லடி, நீதான்!" என்று கத்தினேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மாத்திரை என் மொட்டைத் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, "நீதான் போட்ட, நீதான் போட்ட" என்று திரும்பத் திரும்பத் திட்டினாள்.

கெட்டில் கருகிய அன்று கடைசியாக ஹாஸ்டல் அறையை விட்டுக் கிளம்பியது நான். கெட்டில் ஞாபகம் வந்தபோது பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இதை இவளிடம் சொல்ல வேண்டும்தான். அதற்கென்ன அவசரம், இன்னும் இருபது வருடம் போகட்டும்.