யார் கண்டா?

ஏரியைக் குறுக்கே நீந்திக் கடந்துவிட்டேன் என்று அவள் சொன்னபோது, 'பொய்' என்று யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் தேவலை. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

நீச்சல் கிளப்பின் கூட்டம் அது. ஏரிப் போட்டிக்குப் போகும் அணியில் ஓர் இடம் காலி. ஒருமுறையாவது ஏரியைக் கடந்தவருக்குத்தான் அந்த இடம் என்பது கிளப்பின் விதி. அணியில் இருந்த மற்றவர்கள் எல்லாம் மீசை அரும்பும் வயசு. அவளோ மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு குளத்தில் இறங்கியவள்.

பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். "கடந்திருக்கலாம்" என்றார்.

பொருளாளர், "கடந்த மாதிரிதான் சொல்றாங்க" என்றார்.

பின்வரிசையில் யாரோ, பாதி தூரம் போயிருப்பாங்களோ என்னவோ என்று முணுமுணுக்க, அடக்கிய சிரிப்பு ஒன்று வரிசை வரிசையாகப் பரவியது.

இந்தச் சொற்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேருந்து நிலையத்து விசாரணை கவுண்ட்டரில் அவளுடைய பிழைப்பே அவற்றை வைத்துத்தான். பஸ் எப்போது வரும் என்று கேட்பவரிடம் 'வந்துடும்' என்று அடித்துச் சொல்லிவிட்டு, வராவிட்டால் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? கிளம்பிய தகவல் இருந்தால் 'வந்துட்டிருக்கும்' என்பாள். அரைகுறைத் தகவல் என்றால் 'வரலாம்'. ஒன்றுமே தெரியாவிட்டால் 'வரும்னு நினைக்கிறேன்'. இதனால் அவளுக்கு 'வரலாம் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தச் சொற்களால் அவள் ஒருவரையும் புண்படுத்தியதில்லை. தெரியாததைத் தெரியாது என்று மரியாதையாகச் சொல்ல அவள் அவற்றை வைத்திருந்தாள். இங்கே அதே சொற்களை வைத்து, அதே மரியாதையோடு, அவளைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் உங்களைச் சந்தேகப்படலைங்க. ஆனா விடியக்காலையில, துணைக்கு ஒரு படகுகூட இல்லாம, தனியா போயிருக்கீங்க. நீந்திக் கடந்தீங்களோ, கரையோரமா நடந்தே போய்ச் சேர்ந்தீங்களோ... யார் கண்டா?"

துணைக்குப் படகு அனுப்புங்கள் என்று அவள் கேட்டபோதெல்லாம் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தட்டிக் கழித்தவர் இதே செயலாளர்தான். அதனால்தான் அவள் தனியாக இறங்கினாள். எதிர்க்கரைச் சேற்றில் கால் பட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கை தட்ட ஒரு காக்கைகூட இல்லை. ஈரத் துணியோடு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தாள். சொன்னாலும் 'இருக்கலாம்' என்றுதான் சொல்வார்கள் என்று தோன்ற, மூடிக்கொண்டாள்.

அதைவிட எரிச்சல், கடைசி வரிசையில் மாமியார் வேறு உட்கார்ந்திருந்தார். இந்த வயசில் நீச்சல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று முதல் நாளே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவர் அவர். அதற்குப் பிறகு நீச்சலைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு மட்டும் 'நானும் வர்றேன்' என்று செருப்பை மாட்டிக்கொண்டார். மருமகள் மூக்குடைபடுவதை நேரிலேயே பார்த்துவிட வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"நான் கண்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள். மாமியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

எதைக் கண்டீர்கள் என்று செயலாளர் கேட்டார்.

"அவ இந்தக் கரையில இறங்கினதைக் கண்டேன். அந்தக் கரையில ஏறினதையும் கண்டேன். நடுவுல ஒரு தடவை மல்லாந்து படுத்து மூச்சு வாங்கினா. அப்ப எனக்குத்தான் மூச்சே நின்னுபோச்சு."

பிறகு நிதானமாகச் சொன்னார். மருமகள் இருட்டோடு கதவைச் சாத்திக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிய நாளெல்லாம், இவரும் பின்னாலேயே போய்க் கரையில் நின்றிருக்கிறார். ஏரியைக் கடந்த அன்று, அவள் திரும்பாமல் நடு ஏரிக்குப் போவதைப் பார்த்ததும், மீன் பிடிக்கிறவர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் படகில் ஏறியிருக்கிறார். படகைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர். போகும் வழியெல்லாம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி. பார்த்துவிட்டால் மருமகளின் கவனம் சிதறும் என்று, வலைக் குவியலுக்குப் பின்னால் குனிந்தபடியே வந்தாராம்.

சொந்த மாமியாரே சாட்சி என்றால் எப்படி என்று செயலாளர் இழுத்தார்.

"அப்படிக் கேப்பீங்கன்னு தெரியும். படகுக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கேன். வாசல்ல நிக்கிறார்."

வாசலில் நின்றவர் தலையை உள்ளே நீட்டினார்.

"கடந்தாங்க" என்றார். 'லாம்' இல்லை, 'மாதிரி' இல்லை, 'என்னவோ' இல்லை. "என்னாலதான் அவங்க வேகத்துக்குத் துடுப்புப் போட முடியலை."

முதலில் கை தட்டியவர் பயிற்சியாளர். அடுத்து, சிரித்த பின்வரிசை. சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காலி இடம் அவளுக்குத்தான் என்று செயலாளர் அறிவித்ததுகூடப் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள்.

"வாயைத் திறந்தா 'போகாதே'ன்னுதான் வரும். நீயும் நின்னுடுவே. அதான் திறக்கலை."

தெருமுனை திரும்பும்போது அவள் கேட்டாள்.

"நடுவுல நான் முங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அத்தை?"

"குதிச்சிருப்பேன்."

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"அந்த நேரத்துல அதையெல்லாம் யாரு யோசிப்பா?" என்றார் மாமியார்.