வெளிநாட்டு முதலாளி

"இந்தா, அடிச்சிட்டுது யாழ்ப்பாணத்துப் போன்!"

சிவநேசம் அன்ரி சப்பாத்துப் பனியை இன்னும் தட்டி முடிக்கவில்லை. அதற்குள் தொடங்கிவிட்டார்.

கீர்த்திகன் ஒரு கையால் அன்ரிக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, மறு கையால் போனை எடுத்தான். மொன்றியலின் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் அவன் நடத்துகிற கடை. இங்கே கொடுக்கிற சாறித் துணி யாழ்ப்பாணம் போய், பிளவுஸாகித் திரும்பி வரும். மொன்றியல் தமிழ்ப் பெண்களில் பாதிப்பேர் இப்போது இங்கேதான் தைக்கக் கொடுக்கிறார்கள்.

"ஓம்... ஓம் நிருஷா... என்ர பிழைதான். இண்டைக்கே அனுப்பிறன், கட்டாயம் அனுப்பிறன்... ஓம், சாப்பிட்டன்."

போனை வைத்தான்.

"தங்கச்சிதானே?"

"ஓம் அன்ரி."

"ஒவ்வொரு நாளும் எடுக்கிறாளோ?"

"காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா."

"கோதாரி! நாளுக்கு ரெண்டு தரம் கை நீட்டுறாளோ? நீயும் அனுப்பிறன், அனுப்பிறன் எண்டு குழையிறாய். அங்கை இருக்கிறவை நினைக்கினம், இஞ்சை காசு மரத்தில காய்க்குது எண்டு."

"அப்பிடி இல்லை அன்ரி..."

"நீ கதையாதை. நாப்பது வயசு எட்டிப் பாக்குது உனக்கு. நான் தனுஷா வீட்டில கதைச்சு வைச்சிருக்கிறன். தங்கமான பெட்டை. லொங்குய்யில சின்னப் பிள்ளையளைப் பாக்கிற வேலை. மாப்பிள்ளை சொந்தமாக் கொம்பனி வைச்சிருக்கிறார் எண்டு சொன்ன உடன தகப்பன் எழும்பி நிண்டு கதைச்சார்!"

கீர்த்திகனுக்குக் காது சிவந்துவிட்டது. தனுஷாவை அவனுக்குத் தெரியும். ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு, அதை விசாரிக்க மூன்று தரம் வந்தவள்.

"ஆனா ஊரில இருக்கிற தங்கச்சிக்குப் படியளக்கிற மாப்பிள்ளை எண்டு தெரிஞ்சுதோ, எல்லாம் துலைஞ்சுது. இப்பவே வெட்டி விடு."

போன் திரும்பவும் அடித்தது. இந்த முறை அன்ரியின் கைதான் முந்தியது. அன்ரி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்.

"பிள்ளை நிருஷா, நான் சிவநேசம் அன்ரி. சொல்லுறன் எண்டு குறை நினையாதை. உனக்குக் கைகால் நல்லாத்தானே இருக்கு? கொண்ணன் இஞ்சை குளிருக்குள்ள செத்துப் பிழைக்கிறான். நீ அங்கை இருந்துகொண்டு அவன்ர கழுத்தில தொங்கினா, அவன் எப்ப கலியாணம் கட்டுறது?"

ஸ்பீக்கரில் நிருஷாவின் குரல் வந்தது.

"நீங்கள் சொல்லுறது சரிதான் அன்ரி. இனி அண்ணைக்குக் கரைச்சல் குடுக்க மாட்டன்." அந்தக் குரலில் கோபமே இல்லை. "பொம்பிளை ஆர் அன்ரி? வடிவோ?"

அதைத்தான் கீர்த்திகனால் தாங்க முடியவில்லை. அவள் திருப்பி ஏசியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பான்.

"அன்ரி, இந்தக் கொம்பனி என்ர இல்லை."

"அண்ணை, சும்மா இருங்கோ!" என்று போன் கத்தியது.

"சும்மா இருந்தது காணும். அன்ரி, நான் வேலை செய்த பக்ரறி மூடினது உங்களுக்குத் தெரியும்தானே? மாதக்கணக்காக் கட்டிலை விட்டு எழும்பேல்லை. அப்பவே இவள் அங்கை தையல் கடை வைச்சு, இருவது பெட்டையளுக்கு வேலை குடுத்துக்கொண்டிருந்தவள். அண்ணை, மொன்றியலில ஒரு கொம்பனி பதிவம் எண்டாள். ஒரேயொரு டைரக்டர் காணுமாம். அந்த டைரக்டர் வெளிநாட்டில இருந்தாலும் இந்தக் கியூபெக் மாகாணத்தில அது சரியாம். இஞ்சை ஒரு விலாசம்தான் வேணுமாம்."

"அப்ப?"

"விலாசம் என்ர. டைரக்டரும் முதலாளியும் அவள்."

அன்ரி திறந்த வாயை மூட மறந்துபோனார்.

"அப்ப அந்த அனுப்பிறன், அனுப்பிறன்...?"

"அது உங்கட அளவு பிளவுஸ் அன்ரி. துணியை அனுப்பிப்போட்டு அதை வைக்க மறந்திட்டன். அதுக்குத்தான் எனக்குப் பேச்சு விழுந்தது." அவனுக்கே சிரிப்பு வந்தது. "நான்தான் முதலாளி எண்டு ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னதும் இவள்தான். நானும் சொன்னன். கேக்க நல்லாத்தான் இருந்தது. ஆனா அதுக்காக இவள் உங்களிட்டைப் பேச்சு வாங்கேலாது. தனுஷா வீட்டிலயும் உள்ளதைச் சொல்லிவிடுங்கோ. மாப்பிள்ளை தங்கச்சியிட்டைச் சம்பளத்துக்கு நிக்கிறவன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று தரம் வந்தவள் இனி வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

அன்ரி கதிரையில் அமர்ந்தார். கழுத்துச் சால்வையைக் கழற்றினார். பிறகு போனை இரண்டு கையாலும் பக்குவமாகப் பிடித்தார்.

"நிருஷாக் குஞ்சு, நீ சாப்பிட்டியே அம்மா? அன்ரி சும்மா பகிடிக்குத்தான் ஏசினது. என்ர மகன் நிதுசனைத் தெரியும்தானே? படிச்சு முடிச்சு ஒரு வருசமா வீட்டில நிக்கிறான். பிரெஞ்சு தண்ணி மாதிரிக் கதைப்பான். உன்ர கொம்பனியில அவனுக்கு ஒரு வேலை பாத்துக் குடன்?"

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது.

"கொம்பனி என்ரதான் அன்ரி. ஆனா அங்கை ஆள் எடுக்கிறது, விடுறது எல்லாம் அண்ணைதான். கொஞ்சம் எழும்பி அவரிட்டையே கேளுங்கோவன்."