டார்ச் பிடிப்பவள்

மழை விட்ட சாயங்காலம். ஏதோ கரகரவென்று சத்தம் கேட்டதாகச் சொல்லிப் புதுக் காரின் பானெட்டைத் திறந்த கணவர், சட்டைக் கையை மடித்துவிட்டபடி விழிக்கிறார். உள்ளே ஒரே கறுப்பு மூடி. விரல் நுழையக்கூட இடமில்லை. பழைய காரில் கார்பரேட்டரைக் கழற்றி வாயால் ஊதியே கிளப்பிவிடுகிற மனுஷர். அப்போதெல்லாம் பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடித்த பழக்கதோஷத்தில் மனைவி டார்ச்சோடு வந்து நிற்கிறாள். "எங்கங்க அடிக்கணும்?" "அடிக்க என்னடி இருக்கு? எல்லாம் கம்ப்யூட்டர்." அவர் முகம் தொங்கிப்போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஓரத்துல அந்த நீல மூடி?" "கண்ணாடி கழுவுற தண்ணி ஊத்துறது." அவள் உள்ளே ஓடிச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவருகிறாள். அவர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் ஊற்றுகிறார். "வெளிச்சத்த நேரா பிடி! புத்தி எங்க மேயுது?" எத்தனை நாளாயிற்று இந்த அதட்டலைக் கேட்டு! சிரிப்பை அடக்க அடக்க, அவள் கையில் வெளிச்சம் குலுங்குகிறது.