சுவர் வேலை

“பாஸ்வேர்டு தப்புன்னு திட்டினாக்கூடப் பரவாயில்லப்பா. யாரு, என்னன்னுகூடக் கேக்க மாட்டேங்குதே!” என்றார் பிளான்காரர்.

வீடுகளுக்கு வரைபடம் போட்டே தலை நரைத்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பிளான்காரர்தான். அவருடைய பழைய கம்ப்யூட்டர் முன்னால் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு மலைப் படம் மட்டும் பளிச்சென்று நின்றது. பாஸ்வேர்டு போடும் கட்டத்தைக் காணவே காணோம்.

மனைவி கையில் டீ டம்ளரோடு அறை வாசலில் நின்றாள். இந்தச் சனியன் இப்படியே படுத்துவிட்டால் நல்லது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை.

நாளைக்குக் கொத்தனார் வருகிறார். “சுவத்துல கொஞ்சம் வேலை இருக்கு” என்று கணவர் போனில் சொன்னது அவள் காதில் விழுந்தது. எந்தச் சுவர் என்று கேட்க வேண்டியதில்லை. அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருந்த வீடு அது. ஒருநாள் சாப்பிடும்போது பேச்சு தடித்து, “இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்” வரைக்கும் போய், கூடத்தின் நடுவே சுவர் எழும்பிவிட்டது. அதன் பிறகு வாசல் வேறு, வழி வேறு. கொல்லைப்புறத்தில் மட்டும் சுவர் இடுப்பளவோடு நின்றுபோனது. துணி உலர்த்தும் சாக்கில் அவளும் கொழுந்தன் மனைவியும் அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் பேசிக்கொள்வார்கள்.

அதையும் உயர்த்தப் போகிறார். வேறென்ன?

“பைப்பும் வயரும் எங்க ஓடுதுன்னு தெரியாம நான் கைவைக்க மாட்டேன்” என்று கொத்தனார் கறாராகச் சொல்லிவிட்டார். பிளானோ இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.

மெக்கானிக் கீபோர்டை மாற்றிப் பார்த்தான். அணைத்துவிட்டு மறுபடி போட்டான். மலை வந்தது. கட்டம் வரவில்லை.

“வைரஸா இருக்குமோ?”

“இல்ல சார். அம்புக்குறியப் பாருங்க. வலது ஓரத்துக்குப் போனா அங்கயே நிக்கணும். இது ஓரத்தத் தாண்டிக் காணாமப் போகுது. இன்னொரு ஸ்கிரீன் இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கு.”

“இன்னொண்ணுக்கு எங்க போறது? இந்த வீட்டுல இருக்கறது இது ஒண்ணுதான்.”

மெக்கானிக் பெட்டியைத் திருப்பினான். பின்னால் இரண்டு கேபிள்கள். ஒன்று மானிட்டருக்கு வந்தது. இன்னொன்று தூசி மண்டி, தரையோரமாகவே போய், சுவரின் அடியில் இருந்த ஓட்டைக்குள் நுழைந்தது.

“இது எங்க சார் போகுது?”

பிளான்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மனைவிதான் பதில் சொன்னாள். “அந்தப் பக்கம் எங்க கொழுந்தன் வீடு. முன்ன பசங்க டி.வி.யில படம் பாக்கறதுக்காக இழுத்த கேபிள் அது.”

“அப்ப அவங்க இப்பத்தான் அதை டி.வி.யில சொருகியிருக்கணும். கட்டம் அங்க போய் நிக்குது. இந்த முனையைப் பிடுங்கிட்டா இங்க வந்துடும்.”

“வேணாம். பிடுங்காதப்பா” என்றார் அவர் சட்டென்று. பிறகு மனைவியின் முகத்தைப் பார்க்காமலேயே, “நீ போய் அங்க வருதான்னு பாத்துச் சொல்லு” என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வீட்டுக்குப் போ என்று அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. எதையாவது பிடுங்கப் போய் பிளானும் சேர்ந்து போய்விடும் என்ற பயமாக இருக்கும்.

தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். கொழுந்தன் கூடத்தில் ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“வாங்க அண்ணி! நீங்களே பாருங்க இந்தக் கூத்த. புது டி.வி. வாங்கினோம். சுவத்தோரம் கிடந்த கேபிளையெல்லாம் சொருகினேன். அண்ணன் பேரு வந்து நிக்குது.”

திரையில் அதே மலை. நடுவில் பிளான்காரரின் பெயர், அதற்குக் கீழே வெள்ளைக் கட்டம்.

“இங்கதாங்க இருக்கு!” என்று அவள் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். கட்டத்துக்குள் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். “என்னத்த தேடுறாரு?”

மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. “வீட்டுப் பிளான். நாளைக்குக் கொத்தனார் வர்றாரு தம்பி.”

அவன் முகம் சுண்டிப்போனது. “ஓ, கொல்லைப்புறத்துலயுமா? கட்டட்டும். அவர் பாகம், அவர் இஷ்டம்.” டி.வி.க்குப் பின்னால் கைவிட்டுக் கேபிளைத் தேடினான். “நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்? எடுத்துடறேன்.”

“கொஞ்சம் பொறு தம்பி” என்று அவன் கையைப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“இப்ப ரெண்டு பக்கமும் ஒரே படம்தான் சார் தெரியும்” என்று மெக்கானிக் சொல்வது சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது.

டி.வி. முழுக்க வீட்டின் வரைபடம் விரிந்தது. நீலக் கோடுகள் பைப், சிவப்புக் கோடுகள் வயர். கூடத்தின் நடுவே தடித்த கறுப்புக் கோடாகச் சுவர். கொழுந்தன் கேபிளை விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து நின்றான்.

அம்புக்குறி கொல்லைப்புறத்துக்குப் போகவில்லை. கறுப்புக் கோட்டின்மேலேயே மெல்ல நகர்ந்தது. நீலமும் சிவப்பும் தொடாத ஓர் இடத்தில் தயங்கி நின்றது. பிறகு அங்கே கோட்டில் ஒரு துண்டை அழித்தது.

சுவருக்கு அப்பாலிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பிளான்காரரின் குரல் வந்தது.

“டேய் சின்னவனே, தெரியுதா? இந்த எடத்துல கதவு வச்சா உன் சோபாவுல இடிக்குமாடா?”