ஏப்பம் விட்ட காவல்காரர்

மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் வந்து இறங்கினான் குச்சியன் என்ற கிருமி. உள்வாசலைத் தாண்டிவிட்டால் உடம்பு முழுக்க அவன் ராஜ்ஜியம்தான். ஆனால் வழியை மறித்து நின்றார் வெள்ளையப்பன். உடம்புக்குக் காவல் நிற்கும் வெள்ளை அணு அவர்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"உள்ளே குடியேறலாம்னு வந்தேண்ணே. உங்களைப் பார்த்ததும் கால் நடுங்குது," என்றான் குச்சியன். அவனுக்குக் காலே கிடையாது.

வெள்ளையப்பன் அவனை ஒரே வாயில் விழுங்கி, பெரிதாக ஓர் ஏப்பமும் விட்டார்.

வயிற்றுக்குள் அமிலம் பாய்ந்து வந்தது. குச்சியன் தன் மெழுகுச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாய்ந்தான். அமிலம் வழுக்கிக்கொண்டு போனது.

அதற்குள் உள்வாசல் காவலன் குரல் கொடுத்தான். "வெள்ளையப்பண்ணே, அந்தப் பய என்ன ஆனான்?"

வெள்ளையப்பன் பதில் சொல்வதற்குள், அவருடைய அதே கரகரத்த குரலில் குச்சியன் உள்ளிருந்து சொன்னான்: "ஜீரணமே ஆயாச்சு தம்பி. கதவைத் திற."

வெள்ளையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் இன்னும் வாயே திறக்கவில்லையே. ஆனாலும் பதில் கம்பீரமாக இருந்ததால், மறுக்க மனசு வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

உள்ளே குச்சியன் இரண்டாகப் பிரிந்து, பக்கத்தில் முளைத்தவனிடம் கிசுகிசுத்தான்: "சத்தம் போடாதே. அண்ணன் நம்மைச் சுமந்துக்கிட்டுப் போறாரு."